வாசல் கேமராவும் மெகாபிக்சல் மோகமும்

ஆசிரியருக்கு,

சென்னை ரிச்சி தெருவில் வாசல் கேமரா விலை கேட்டால், பேச்சு படத் தெளிவைக் குறிக்கும் மெகாபிக்சலில்தான் தொடங்குகிறது. எங்களைப் போல ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் அதிலேயே பணத்தை இறைத்துவிடக் கூடாது. சிறிய தனி வீட்டின் வாசலுக்கும் வண்டி நிற்கும் சந்துக்கும் 2 மெகாபிக்சல் கேமரா இரண்டு போதும். மிச்சத்தை யுபிஎஸ் வாங்கச் செலவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் தெருவே இருட்டாகிவிடும். காவல் தேவைப்படும் அந்த நேரத்தில் கேமராவும் அணைந்துவிட்டால் என்ன பயன்? கேமரா, பதிவுக் கருவி இரண்டுக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து இணைப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்க ஐபி66 அல்லது ஐபி67 குறியீடு இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் பதிந்தால் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கேமராவின் பதிவு ஏறக்குறைய மூன்று வாரம் நிற்கும். மாதக் கட்டணம் கட்டி இணையத்தில் பதிவைச் சேமிக்கத் தேவையில்லை.

பொருத்துபவர் போட்டுத் தரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். எதிர்வீட்டு வாசலும் படுக்கையறை ஜன்னலும் படத்தில் விழாதபடி கோணத்தையும் திருப்பச் சொல்லுங்கள்.

கேமராக்களுக்கான மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சாதாரண வாடிக்கையாளருக்கு இது தெரியவில்லை. அந்தச் சோதனையில் தேறியதற்கான சான்றைக் கடைகளில் தமிழில் எழுதி வைக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொளத்தூர், சென்னை - 99