நாய்க்குக் காமாலை: கீழாநெல்லிக்கு முன் சில சொட்டு இரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வளர்ப்பு நாய்களுக்கான வீட்டு வைத்தியக் குறிப்புகளில், நாயின் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மூன்று நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் என் நாட்டு நாயால் எழுந்து நிற்க முடியவில்லை. ஈறு காகிதமாய் வெளுத்திருந்தது. சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் போனது.

அன்று அதைப் பார்த்தவர், நாய்களின் கல்லீரல், குடல் நோய்களில் தேர்ந்த கால்நடை மருத்துவர். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில சொட்டு இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழலவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். அடியில் சிவப்பணுக்கள் படிந்திருந்தன. நலமான நாய்க்கு அது குழாயிலுள்ள மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 37 முதல் 55 விழுக்காடு வரை இருக்கும். என் நாய்க்கு 14தான். மேலே நின்ற நீர் மஞ்சளோடு செம்மையும் கலந்திருந்தது. "கல்லீரல் மேல் பழி போடாதீர்கள். உண்ணி கடித்து உள்ளே போன பெபேசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கிறது. உடைந்ததை அள்ளிக் கல்லீரலுக்கு மாளவில்லை" என்றார். எதிர்வீட்டு லாப்ரடாரின் இரத்தம் ஏற்றிய பிறகே ஒட்டுண்ணிக்கான மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைத்தது.

காமாலை என்பது நோயின் பெயரல்ல, நிறத்தின் பெயர் என்பதே அவர் எனக்குப் புரியவைத்தது. சிவப்பணு உடைந்தாலும் மஞ்சள் ஏறும். கல்லீரலே பழுதானாலும் ஏறும். கணையம் வீங்கிப் பித்தநாளத்தை நெரித்தாலும் ஏறும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கல்லீரலே பழுதாவதற்கும் காரணங்கள் பல: நாய்களுக்கே உரிய அடினோ வைரஸ், பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் சேரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, காய்ச்சல் என்று நாமாகவே கொடுக்கும் பாராசிட்டமால், சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் கல்லீரலோடு சிறுநீரகத்தையும் தாக்கும், நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் தொற்றும் என்பதால், கையுறை இல்லாமல் நாய் சிறுநீர் கழித்த இடத்தைக் கழுவக் கூடாது என்று கண்டிப்பாகவே சொன்னார்.

பரிசோதனைத் தாளில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு கூடியிருந்தால் பதறுவதும், சரியாக இருந்தால் நிம்மதியடைவதும் நம் வழக்கம். அந்த எண் கல்லீரல் செல்கள் காயப்படுவதைச் சொல்லுமே தவிர, கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லாது. நாள்பட்ட நோயில் சுருங்கி வற்றிப்போன கல்லீரலில் உடைவதற்குச் செல்களே குறைவு என்பதால் எஸ்ஜிபிடி இயல்பாகவே இருக்கக்கூடும் என்றும், வேலைத்திறனை அறிய கல்லீரல் உண்டாக்கும் அல்புமின் என்ற புரதம், பித்த அமிலம், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். மலத்தையும் கவனிக்கச் சொன்னார். தார் போலக் கறுத்திருந்தால் வயிற்றிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது என்று பொருள். மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் மாத்திரையை நாய்க்குக் கொடுத்த வீடுகளில் இதை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார்.

கீழாநெல்லி மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. என் பாட்டி எங்களுக்கு அரைத்துக் கொடுத்ததுதான். மூன்று நாள் காத்திருக்கச் சொன்னதுதான் பிழை. கண் மஞ்சளித்த அன்றே நாயை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

மற்றொன்று. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் நாளையொட்டி நடக்கும் இலவச முகாம்களில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு, "ஊசி போட்டாச்சு" என்று திரும்புகிறவர்கள் ஏராளம். அடினோ வைரஸுக்கும் எலிக்காய்ச்சலுக்குமான கூட்டுத் தடுப்பூசி வேறு என்பதை வரிசையில் நிற்பவர்களுக்கு மருத்துவர்கள் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும். நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடும் விதத்தை அங்கேயே காட்டிவிடலாம். கால்நடை பராமரிப்புத் துறை இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டு வைத்தியக் குறிப்புக்கான திருத்தம், அது வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.