அது குளமும் அல்ல, பாதை மிதமானதும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுப் பதிப்பில், கோலாலம்பூர் அருகே உள்ள புக்கிட் தாபூர் மலையேற்றம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘மிதமான பாதை, முகட்டில் நடந்தபடியே கீழே உள்ள குளத்தை ரசிக்கலாம், பிள்ளைகளோடு போக ஏற்ற இடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அது குளமல்ல ஐயா. கிள்ளான் ஆற்றை மறித்து 1958ஆம் ஆண்டில் கட்டி முடித்த கிள்ளான் கேட்ஸ் அணையின் நீர்த்தேக்கம். நாம் குடிக்கும் தண்ணீர். அந்த வேலையில் சிமெண்டு மூட்டை சுமந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் தோளில் காய்த்துப்போன இடத்துக்கு நான் சிறு வயதில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். அதைக் குளம் என்று படிக்கும்போது எனக்கு வலிக்கிறது.

பாதைக்கு வருகிறேன். அந்த மலை 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் குறையாத குவார்ட்ஸ் எனும் வெள்ளைக்கல் பாறைத் தொடர். முகட்டில் சில இடங்களில் ஓர் ஆள் நிற்கத்தான் இடமிருக்கும், இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு. உடைந்த வெள்ளைக்கல் சர்க்கரைபோல் காலடியில் உருளும். மழை பெய்துவிட்டால் கைப்பிடிக்கும் கல்லே வழுக்கும். என் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிச் சப்பாத்தோடு ஏறிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். தீயணைப்பு மீட்புப் படையினர் அவனைத் தூக்கிவரும்வரை அவன் அம்மாவோடு காலை பத்து மணியிலிருந்து அடிவாரத்தில் நின்றேன். மணி நான்காகிவிட்டது. அவன் வீட்டில் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலை அந்த அம்மாள் அவ்வளவு நேரமும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். இதையா மிதமான பாதை என்கிறீர்கள்?

இது முதல் முறையும் அல்ல. காஞ்சிங் நீர்வீழ்ச்சியின் ஏழு அடுக்குகளையும் வருணித்தீர்கள், மேல் அடுக்குகளில் பாறை வழுக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதினேன், பிரசுரிக்கவில்லை. பத்துமலைப் படிகள் 242 என்று அச்சிட்டீர்கள். 272 என்று சொல்லித் தொலைபேசியில் அழைத்தேன், ‘பார்க்கிறோம்’ என்றார்கள். எந்தத் தமிழருக்கு அந்தக் கணக்குத் தெரியாது? வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். நம் மலைக்கு அரைப் பத்தி, அதுவும் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதியது. என் பேரப்பிள்ளைகள் தமிழில் படிக்கும் ஒரே ஏடு தங்களுடையது என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்: வனக் காப்பகத்துக்குள் ஏற வன இலாகாவின் பெர்மிட் தேவை; பிடிப்புள்ள காலணி வேண்டும்; மழை பெய்த மறுநாள் ஏறக்கூடாது; சிறு பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடாது. குளம் என்ற சொல்லையும் நீர்த்தேக்கம் என்று திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தாமான் மெலாவத்தி, கோலாலம்பூர்