பாதிக் கச்சான் கடன்

மச்சான்,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் கதவைத் திறந்தால் அடுப்பு வாயில் நிற்பது போல இருக்கிறது. பனி அள்ளி இடுப்புப் பிடித்ததாக எழுதியிருந்தாயே, சுகமா?

பென்ஷன் எடுத்த பிறகு பரணைத் துப்புரவாக்கினேன். நம் சதுரங்கக் கொப்பி அகப்பட்டது. 1982 சித்திரை விடுமுறை ஆட்டமும் அதில் இருக்கிறது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் மர நிழலில் விளையாடியபோது மான் வந்து தாளின் மூலையைக் கடித்துக்கொண்டு போனதே, அதே பக்கம். மான் தின்ற மூன்று நகர்வுகளையும் முன்பின் பார்த்து ஒரு இரவு முழுக்க இருந்து கண்டுபிடித்தேன். மனைவி ஏசினாள்.

பிறகு எல்லா ஆட்டங்களையும் கைத்தொலைபேசியில் ஸ்டொக்பிஷ் என்ற சதுரங்க நிரலுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நம் தொடக்க நகர்வுகளைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை. என்னை உறுத்தியது வேறு. நான் தோற்ற 17 ஆட்டங்களில் 11 ஆட்டங்கள், தேவையே இல்லாமல் காய்களை மாற்றி வெட்டிய பிறகு சரிந்தவை. பலகையில் இறுக்கம் கூடினால் எனக்குப் பொறுக்காது. எதையாவது வெட்டிப் பலகையை வெறுமையாக்கினால்தான் மூச்சு வரும். அதை அப்போது துணிச்சல் என்று நினைத்திருந்தேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென்னும் சமநிலையில் இருந்த ஆட்டத்தில் கோட்டைக் காயைத் தவறான கட்டத்தில் வைத்தார். கோட்டைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டுப் போக, மிஞ்சிய சிப்பாய் முடிவில் 18 வயது குகேஷ் சாம்பியனானார். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், சொல்ல வெட்கம்தான்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அந்த மான் ஆட்டத்தில் எனக்கு ஒரு கோட்டை, ஒரு சிப்பாய். உனக்குக் கோட்டை மட்டும். உன் ராஜா, என் சிப்பாய்க்கு நேர் முன்னால், கடைசி வரிசையில். உன் கோட்டை உன் பக்கத்து மூன்றாவது வரிசையில் நின்று என் ராஜாவை மறித்தது. நான் சிப்பாயை அந்த வரிசைக்கே தள்ளினேன். நீ ஒரு நிமிடம் கடலைப் பார்த்தாய், தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்தாய்.

சாய்த்திருக்கக் கூடாது, மச்சான். சிப்பாய் முன்னேறியவுடன் உன் கோட்டை என் பக்கத்து முதல் வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்து ஆட்டத்தைச் சமநிலையாக்கியிருக்கலாம். சிப்பாய் முன்னே போய்விட்டதால் என் ராஜாவுக்கு ஒதுங்க நிழலில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் காட்டிய தற்காப்பு இது. நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வென்று கொண்டிருந்த ஆட்டத்தை அதற்கு ஆறு நகர்வு முன்பே, குதிரைகளை வெட்டி, நானே சமநிலைக்கு இழுத்துவந்திருந்தேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. கொப்பியிலோ ‘வெற்றி’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு! கல்யாண வீடுகளில்கூட இந்த ஆட்டத்தை அளந்திருக்கிறேன்.

தோற்றவன் கச்சான் கடலை வாங்க வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். கோணேசர் கோயில் வழியில் நீதான் ஒரு சுருள் வாங்கித் தந்தாய். சமநிலை என்றால் ஆளுக்குப் பாதி. நீ ஊருக்கு வரும்போது மீதிப் பாதியைத் தருகிறேன். மான்கள் இப்போது பஸ் நிலையம் வரை வருகின்றன, அவற்றுக்குக் கொடுக்காமல் சாப்பிடு.

உன் மச்சான்