நம்ம நகர் குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

எல்லாருக்கும் வணக்கம். தெருவிளக்கு, குப்பை வண்டி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் குரூப்ல அப்பப்ப போட்டுட்டேன், கணக்க பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு. நான் ஞாயித்துக்கிழமை நடத்துன மனநலக் கூட்டத்த பத்தி மட்டும் சொல்லிடுறேன்.

முதல்ல பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்குன்னுதான் ஆரம்பிச்சோம். ரெண்டு கூட்டத்துலயே புரிஞ்சுபோச்சு, பிள்ளைங்களுக்கு விஷயம் ஓரளவு தெரியுது, வீட்டுல சொல்லத்தான் முடியல, சொன்னா "வேளாவேளைக்கு சோறு, கையில ஃபோன், உனக்கென்னடா கவலை"ன்னு கேக்குறாங்களாம். அதனால மூணாவது கூட்டத்துலேருந்து பெத்தவங்களையும் கூப்பிட்டோம்.

ஒரு அக்கா, அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். பொண்ணோட டிபன் பாக்ஸ் ரெண்டு மாசமா வச்ச சோறு வச்சபடி திரும்பி வந்திருக்கு. அல்சர்னு மாத்திரை வாங்கி குடுத்தாங்க, மந்திரிச்சு கயிறு கட்டினாங்க, ஒரு கிளினிக்ல "வயசு அப்படி"ன்னு அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. அன்னைக்கு கூட்டம் முடிஞ்சு மாடிப்படியில உக்காந்து, அவங்களும் நானும் 14416க்கு போட்டோம். இது டெலி மனஸ்ங்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்னைக்கு மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். பேசினவங்க மார்க் எவ்வளவுன்னு கேக்கவே இல்ல. தூக்கம் எப்படி, பிடிச்சதையாவது செய்றாளா, சாகணும்னு ஏதும் சொன்னாளான்னு கேட்டாங்க. அக்கா பதறி, "அதக் கேட்டா நானே அந்த நெனப்ப குடுத்த மாதிரி ஆயிடாதாம்மா"ன்னாங்க. ஆகாது, நேரா கேட்டாத்தான் பிள்ளைக்கு மனசு லேசாகும்னு பொறுமையா சொன்னாங்க. இந்தப் பயம் நம்மள்ல எத்தன பேருக்கு இருக்கு! அப்புறம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டினாங்க, மனச்சோர்வுன்னு சிகிச்சை நடக்குது. இப்ப பாக்ஸ் பாதி காலியா வருதுன்னு போன வாரம் சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இது ஒரு வீட்டு கதை இல்ல. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்புல 13லேருந்து 17 வயசுக்குள்ள நூத்துக்கு ஏழு பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல பிள்ளை வாடிப்போயே இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, ராத்திரி 8 மணி நேரமாவது தூங்க விடுங்க, காலைல நாலு மணிக்கு எழுப்புறத பெருமையா பேசாதீங்க. இன்னொன்னு, தற்கொலைக்கு முயற்சி பண்ணா போலீஸ் கேஸ் ஆகும்னு மறைக்கிறாங்க. 2017 மனநலச் சட்டம் அவங்கள கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கச் சொல்லுது, சிகிச்சைக்கு ஏற்பாடு பண்றது அரசோட கடமை. தயவுசெஞ்சு உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.

ஒரு மனக்குறை, கூட்டத்துக்கு வந்ததெல்லாம் அம்மாக்கள்தான். அப்பாக்கள் கேட்டு வரைக்கும் பைக்ல கொண்டுவந்து விட்டுட்டு போயிடுறாங்க. அதனால அடுத்த வருஷம் கூட்டத்த ராத்திரி எட்டு மணிக்கு மாத்தணும்னு தீர்மானம் வைக்கிறேன், 14416 நம்பர எல்லா வீட்டு கேட்லயும் ஒட்ட ஸ்டிக்கர் செலவையும் சேர்த்து நிறைவேத்திக் குடுங்க.

செயலாளர்