பண்ணைத் தொழிலாளர்களுக்கு உதவும் நம் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, டெலானோ, கலிஃபோர்னியா, 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இல்லை. வெயில் காலத்தில் தோட்டங்களைப் பார்வையிட்டோம். 80 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் நிழல், ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) தண்ணீர் என்பது விதி. நிழலுக்குக் கூடாரம் இருக்கிறது, ஆனால் கடைசி வரிசையிலிருந்து நடந்தே வரமுடியாத தூரத்தில்.

செப்டம்பர் 8 அன்று திராட்சை வேலைநிறுத்தத்தின் 60ஆம் ஆண்டு நினைவுக் கூட்டம் நடந்தது. 1965இல் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியாங் முன்னின்ற ஃபிலிப்பினோத் தொழிலாளர்கள். பண்ணைத் தொழிலாளர் தலைவர்களான சேசர் சாவேஸ், டொலோரெஸ் ஹுவெர்டா ஆகியோரின் சங்கம் செப்டம்பர் 16 அன்றுதான் சேர்ந்தது. அழைப்பிதழில் இட்லியாங் பெயர் விடுபட்டதற்கு அச்சகத்தைக் குறை சொல்லவேண்டாம். மெய்ப்பு பார்க்க அமைத்த மூவரில் ஒருவரும் வரவில்லை.

இனி, தொழிலாளர்களின் சம்பளச் சீட்டில் கணக்குச் சரியா என்று பார்த்துச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை மேசை பற்றி. அது தேவையா என்று சிலர் கேட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பண்ணைத் தொழிலாளிக்கு இன்றும் ஓவர்டைம் கிடையாது. கலிஃபோர்னியா 2016இல் சட்டம் இயற்றிப் படிப்படியாகக் கொடுத்தது. 25 பேரோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்யும் பண்ணைகளுக்கு 2025 ஜனவரி 1 முதல்தான் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம் என்ற வரம்பு வந்தது. மேசைக்கு வந்த சீட்டுகள் சிலவற்றில் போன ஆண்டின் எட்டரை மணி, 45 மணிக் கணக்கே ஓடிக்கொண்டிருந்தது. 16 டாலர் 50 சென்ட் கூலியில் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்தவருக்கு இதனால் வாரம் 41 டாலர் 25 சென்ட் குறைகிறது. சீட்டைப் பார்த்தால் குறை தெரியாது. மணியைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மணிக்கணக்கில் அல்லாமல், நிரப்பிய பெட்டிக் கணக்கில் கூலி வாங்குவோருக்கு வேறு சிக்கல். பத்து நிமிட ஓய்வுக்குத் தனியாகக் கூலி போட்டு, அதைச் சீட்டில் தனி வரியாகக் காட்டவேண்டும். அந்த வரி இல்லையென்றால் அநேகமாகக் கூலியும் இல்லை. தேதி, தோட்டம், கங்காணி பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பெட்டி எண்ணிக்கை ஆகியவற்றை அன்றன்றே எழுத ஒரு சட்டைப்பை நோட்டு போதும். பண்ணைக்கு ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் தன் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவது வழக்கம் என்பதால் புகாரில் பண்ணை உரிமையாளர் பெயரையும் சேர்க்கவேண்டும். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் தொழிலாளர் ஆணையரிடம் மனுச் செய்யலாம். குடியுரிமை பற்றி அங்கே கேட்பதில்லை. இதை ஸ்பானிய மொழியில் சொன்னால் மட்டும் போதாது. மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு அங்குள்ள பூர்வகுடி மொழியான மிக்ஸ்டெக்தான் தாய்மொழி. தலையாட்டுவார்கள், புரிந்திருக்காது.

மேசைக்கு இருவர் வேண்டும்: ஒருவர் கணக்குப் பார்க்க, ஒருவர் படிவம் எழுத. பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஞாயிறுக்குப் பிறகு தென்படவில்லை. அறுவடைக் காலம் என்கிறார்கள். சீட்டு வருவதும் அறுவடைக் காலத்தில்தான்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா கட்டவில்லை. அவர்களில் நிர்வாகக் குழுவினரும் உண்டு, பெயர் வேண்டாம். கூடம் தந்த தேவாலயத்துக்கும் காபி போட்டவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு மேசை தொடருமா என்று பலர் கேட்கிறார்கள். நகலெடுக்கும் செலவும் மிக்ஸ்டெக் மொழிபெயர்ப்பாளரின் பெட்ரோல் செலவும் இதுவரை எந்தக் கணக்கிலிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருபவர்களுக்குத் தடையில்லை. சந்தா நோட்டு இன்று வாசலிலேயே இருக்கிறது.