நீ அனுப்பிய பன்னிரண்டு எண்கள்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் வேலை மாறிவிட்டான், அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

உன் தாள் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இடது பக்கம் 12 எண்கள், வலது பக்கம் 12 பழைய கார்கள், மேலே "பொருத்துக" என்று ஒரே சொல். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று மேசைக்குள் வைத்துவிட்டேன். போன வாரம் உன் தங்கை பேசினாள். அப்பாவின் கட்டில் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்து நீ எழுதியதாம் அது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன்டா, தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எழுதியிருந்தால் அன்றே கிளம்பி வந்திருப்பேனே.

சரி. பதில் இப்போது வருகிறது. முழுசாக வருகிறது.

848 மினி, 375 சிட்ரோயன் 2சிவி. இரண்டும் சிசி, இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் உன் வேலை தெரிந்தது. பெயரிலேயே எண் இருக்கும் கார்களின் எண்ணை அழித்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் வைத்திருக்கிறாய். ஜாகுவார் எக்ஸ்கே பக்கத்தில் 120 வரும், அது மணிக்கு 120 மைல் வேகம். 1949-இல் பெல்ஜியத்தில் ஒரு நேர்சாலையில் ஓட்டிக் காட்டியபோது 132 மைல் போனது, அதனால் அந்தப் பெயரில் பொய் இல்லை. ஃபோர்டு ஜிடி பக்கத்தில் 40. அது வேகமும் இல்லை, இஞ்சினும் இல்லை, தரையிலிருந்து கூரை வரை 40 அங்குலம். நின்றால் நம் இடுப்புக்குத்தான் வரும்! 442-ஐ ஒரே எண்ணாக வாசித்தால் ஆயுசுக்கும் விடை வராது. நாலு, நாலு, இரண்டு. 1964-இன் ஓல்ட்ஸ்மொபில்: கார்புரேட்டருக்கு நாலு வாய், நாலு கியர், புகை போக இரண்டு குழாய்.

427-ஐப் பார்த்ததும் அப்பா ஞாபகம்தான். "கன அங்குலத்தை அறுபத்தொன்றால் வகு, லிட்டர் வந்துவிடும்." வகுத்தேன், ஏழு. கோப்ரா.

ஆனால் 250-இல் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஃபெராரி ஜிடிஓ என்று மனசு சொல்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. குதிரைத்திறன் 300 பக்கம். இஞ்சின் 2953 சிசி. வேறு எதை எடுத்தாலும் 250 வரவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் பிடிபட்டது, அது ஒரு சிலிண்டரின் கணக்கு. மொத்தம் பன்னிரண்டு சிலிண்டர். எழுந்து வகுத்துப் பார்த்தேன், 246 வந்தது. 246! உன் பட்டியலில் அந்த எண்ணும் இருக்கிறதே! அவசரப்பட்டு ஜிடிஓவுக்கு அதைப் போட்டுவிட்டு, காலையில் டீனோவிடம் வந்து நின்றேன். அதே கணக்கைப் போட்டால் 246 பெருக்கல் 6, 1476 சிசி. டீனோ அவ்வளவு சின்ன இஞ்சினா? இல்லை. அங்கே 2.4 லிட்டர், 6 சிலிண்டர், இரண்டையும் சேர்த்து எழுதியதுதான் 246. ஒரே ஃபெராரி கம்பெனி செய்த கார்களுக்கு இரண்டு விதமான எண். பன்னிரண்டால் வகுப்பேன், 246-இல் போய் விழுவேன் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

300-இலும் அதே வேலை. மெர்சிடிஸ் எஸ்எல் என்றுதான் எவனும் போடுவான். போட்டால் 2996 போக இடமில்லாமல் நிற்கும். 2996 மெர்சிடிஸின் சிசி, 300 கிரைஸ்லரின் குதிரைத்திறன், 1955. சின்னவனிடம் காட்டினேன். இருவரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

இப்போது என் சண்டை. ஜாகுவார் இ-டைப்புக்கு 265, முதல் போர்ஷே 911-க்கு 130 என்று குதிரைத்திறனை வைத்திருக்கிறாய். விடை சரி, போட்டுவிட்டேன். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லையடா. அந்த 265, இஞ்சினைத் தனியாகக் கழற்றி மேடையில் வைத்து, அது சுமக்க வேண்டியதையெல்லாம் எடுத்துவிட்டு அளந்த கணக்கு. ஜெர்மன்காரன் எண்ணோ விசிறி, சைலன்சர் எல்லாம் மாட்டிய இஞ்சினுக்கு. அமெரிக்காவில் 1972-இல் இந்த முறைக்கு மாறியபோது, அதே இஞ்சின்களின் எண்கள் காகிதத்தில் சடாரென்று இறங்கின. அடுத்த முறை இரண்டையும் ஒரே தாளில் வைக்காதே. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

911 என்ற எண்ணை நீ சேர்க்காதது மட்டும் நியாயம். அது எதையும் அளக்கவில்லை. முதலில் 901 என்றுதான் வைத்தார்கள், நடுவில் பூஜ்யம் வரும் பெயர் தன்னுடையது என்று பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ வந்து நின்றதால் 911 ஆனது.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? பேச்சு திரும்பிவிட்டது என்று தங்கை சொன்னாள், நீ உன் கையால் எழுது. அடுத்த வாரம் நான் வருகிறேன், இரண்டு ராத்திரி நான் உட்காருகிறேன், நீ தூங்கு. வேண்டாம் என்று எழுதாதே.

அதுவரைக்கும் அப்பாவுக்கு நான் தருவது: 9, 10, 51, 2,15,29,464. கார்களின் பெயர் தரவில்லை, அவருக்குத் தேவைப்படாது. 10-ஐ மட்டும் அங்குலத்தில் யோசிக்கச் சொல். அவர் சொல்லும் வரை நீ வாயைத் திறக்காதே.

உன்
மாப்ளே