அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பழுதுநிதியும் கட்டமைப்பு ஆய்வும் கட்டாயமாக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலும் புறநகரிலும் 1990களில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெரிய வளாகங்கள் அல்ல. கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே மூன்று மாடிகளுமாகப் பத்து முதல் இருபது வீடுகள் கொண்ட சிறு கட்டடங்கள். இவற்றில் வசிப்போர் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் கட்டடத்துக்கென்று ஏதும் சேர்வதில்லை என்பதையும், இதைக் கவனிக்கும் பொறுப்பை அரசு இனியும் குடியிருப்போர் சங்கங்களின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வேளச்சேரியில் பதினெட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் நான் நீண்ட காலமாக வசித்து வருகிறேன். எங்கள் சங்கம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. செயலாளரும் பொருளாளரும் ஊதியமின்றி உழைக்கும் நேர்மையானவர்கள். மாதக் கட்டணத்தில் காவலாளியின் சம்பளம், பெருக்கித் துடைப்பவரின் சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை, பொது மின்கட்டணம், மோட்டார் பழுது, கோடையில் தண்ணீர் லாரி ஆகியவை போக மிஞ்சுவது சொற்பம். 2022 செப்டம்பரில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கென்று தனிக் கட்டணப் பிரிவு உருவாக்கப்பட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வந்தபோது, அந்தச் சொற்பமும் கரைந்தது. அடுத்த ஆண்டு அரசு அளித்த சலுகை, பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிகளுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் கட்டடங்களுக்கு மட்டுமே என்பதால் எங்களுக்குப் பயன்படவில்லை. கட்டணத்தை உயர்த்தலாம் என்று எவரேனும் சொன்னால், "இப்போது என்ன குறைந்துவிட்டது?" என்ற கேள்வி எழுகிறது. அன்றாடச் செலவுக்குப் பணம் போதும்வரை எதுவும் குறைவதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது உண்மைதான்.

கண்ணுக்குத் தெரியாமல் குறைவது கட்டடத்தின் ஆயுள். மொட்டை மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் கட்டப்பட்ட வீடுகளில் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோடுகளின் இடைவெளியில் பூசிய சாந்து சில ஆண்டுகளில் வெடித்துவிடும். அந்த வெடிப்பை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் அடைத்து, கைப்பிடிச் சுவரோரம் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு எடுத்து, மழைநீர் இறங்கும் குழாய்வாயைச் சுத்தம் செய்தாலே தளம் பல்லாண்டு தாங்கும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்யாமல் விட்டால் நீர் ஜல்லிக்குள் ஊறித் தங்கிவிடுகிறது. வெயிலடித்தாலும் முழுதாகக் காய்வதில்லை. மெல்ல மெல்லத் தளத்துக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருமனில் பல மடங்கு உப்பும். அந்த உப்பலைத் தாங்க முடியாமல் அடிப்பக்கத்துக் கான்கிரீட் பெயர்ந்து கட்டிகளாக விழுகிறது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு முதிய தம்பதியரின் படுக்கையறையில் அப்படி விழுந்தது. அவர்கள் அந்நேரம் கூடத்தில் இருந்ததால் உயிருக்கு ஆபத்து நேரவில்லை.

அதன்பின் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது எங்கள் கட்டடத்துக்கு மட்டும் உரிய கதை என்று நான் நினைக்கவில்லை. ஒழுகுவது மேல்மாடிக்காரர் வீடு, ஆகவே அவரே செலவு செய்துகொள்ளட்டும் என்று கீழ்மாடி வீட்டாரில் சிலர் வாதிட்டனர். மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 பொதுப் பகுதிகளை வரையறுக்கும்போது மொட்டை மாடியையும் சேர்த்தே சொல்கிறது. துணி உலர்த்தவும் தொட்டி வைக்கவும் பொதுவாக இருக்கும் மாடி, பழுதுபார்க்கும் வேளையில் மட்டும் ஒருவருடையதாகிவிடுவது நியாயமன்று. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து மேற்பரப்பில் ஒரு பூச்சு பூசப்பட்டது. நனைந்த ஜல்லியை எடுக்காமல், துருவைத் தேய்க்காமல் பூசிய அந்தப் பூச்சு இரண்டாவது மழைக்காலத்தில் உரிந்து வந்தது. செலவழித்த பணமும் போயிற்று, அடுத்த முறை பணம் கேட்பதற்கான வாயும் அடைபட்டது.

தளத்தைவிட என்னை அதிகம் அஞ்சவைப்பது கீழே வண்டி நிறுத்துமிடத்துத் தூண்கள்தாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வேளச்சேரித் தெருக்களில் நீர் நாள்கணக்கில் நின்றதை வாசகர்கள் அறிவார்கள். எங்கள் தூண்களின் அடிப்பகுதி இரு முறையும் சாக்கடை கலந்த நீரில் ஊறியது. நிலத்தடிச் சம்புக்குள்ளும் அந்த நீரே புகுந்தது. சம்பை இறைத்துக் கழுவிக் குளோரின் இட்டுவிட்டோம். மின்மீட்டர் பலகையை உயரத்தில் மாற்றி அமைத்தோம். இவை உடனே உறுத்துபவை என்பதால் பணம் எப்படியோ கிடைத்தது. தூண்களின் பூச்சு நெடுக்காக வெடித்து, வெடிப்போரம் காவி நிறக் கறை இறங்கியபோது மட்டும் வெள்ளையடித்து மறைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். பூச்சில் நெடுக்காக ஓடும் வெடிப்பும் துருக்கறையும் உள்ளே கம்பி அரிக்கப்படுவதன் அடையாளம் என்று, பார்வையிட வந்த கட்டமைப்புப் பொறியாளர் தெளிவாகச் சொன்னார். அவர் அளித்த மதிப்பீட்டைப் பதினெட்டால் வகுத்தபோது வீட்டுக்கு வந்த தொகையைக் கேட்டுப் பொதுக்குழுவே அமைதியானது.

அந்தப் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் உரிமையாளர்கள், வாடகை ஒழுங்காக வரும்வரை கட்டடத்தைப் பற்றி நினைப்பதில்லை. அங்கேயே படுத்து உறங்கும் வாடகைதாரர்கள், மாதக் கட்டணத்தைத் தாங்களே செலுத்தினாலும் கூட்டத்தில் பேசும் உரிமை அற்றவர்கள். தலைக்குமேல் கான்கிரீட் பெயரும் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் இடுகிறவர் பேச முடியாமலும், பேச முடிந்தவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலும் இருப்பது இன்றைய ஏற்பாட்டின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன்.

இவற்றோடு அண்மைக்காலமாக ஒரு புதிய சாக்கு சேர்ந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழிசெய்கிறது. ஒரே ஒருவர் மறுத்தாலும் எல்லோரும் இடிபாட்டுக்குள் வாழ வேண்டியிருந்த நிலையை இது மாற்றும். இந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் "எப்படியும் இடித்துக் கட்டத்தானே போகிறோம், இப்போது எதற்குச் செலவு?" என்ற பேச்சு அதன் பின்விளைவாக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. கட்டுமான நிறுவனங்கள் எந்தக் கட்டடத்தையும் தொண்டாக இடித்துக் கட்டித் தருவதில்லை. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயர்மாடி வகையில் சேராத கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பை, 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தியதால் கிடைக்கும் கூடுதல் பரப்பை விற்றுத்தான் அவர்கள் செலவை ஈடுகட்ட வேண்டும். மனை சிறியதாகவோ சாலை குறுகியதாகவோ, அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்கெனவே கட்டியதாகவோ இருந்தால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட கட்டடத்தில் வசிப்போர், வராத ஒப்பந்தக்காரருக்காகக் காத்திருந்தே சரிசெய்யக்கூடிய பழுதைச் சரிசெய்ய முடியாததாக ஆக்கிக்கொள்கிறார்கள். இடித்துக் கட்டும் பேச்சு உறுதியான ஒப்பந்தமாக மாறும் நாள்வரை பழுதுபார்ப்பு நிற்கக் கூடாது.

2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அரசு வாரியத்தின் குடியிருப்புப் பகுதி ஒன்று சரிந்து விழுந்தது. 1990களில் கட்டப்பட்ட அந்தப் பகுதியில் 24 வீடுகள் இருந்தன. சுவரில் விரிசல் பெரிதாவதைக் கண்ட குடியிருப்போர் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லாமல் போனது. அவர்களுடைய விழிப்பு அவர்களைக் காத்தது. தூணுக்கு வெள்ளையடித்து மறைக்கும் எங்களைப் போன்ற தனியார் குடியிருப்புகளில் விரிசலே கண்ணில் படாதே என்பது என் கவலை.

புதிய வளாகங்களிலும் நிலைமை முழுக்கச் சீராக இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் என் மகள் வசிக்கும் வளாகத்தில், வீடு ஒப்படைத்துச் சில ஆண்டுகள் ஆகியும் கணக்கும் வரைபடங்களும் கட்டுமான நிறுவனத்திடமே இருந்தன. வீடு வாங்குவோரில் பெரும்பான்மையினர் முன்பதிவு செய்த மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய நிறுவனம் வழிசெய்ய வேண்டும், நிறைவுச் சான்று பெற்ற 30 நாள்களுக்குள் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும், வீட்டைக் கையில் பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளை 30 நாள்களில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்றெல்லாம் 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகே பலர் வரைபடத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். நீர்க்குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பதுகூடத் தெரியாமல் பழுதுபார்க்க நேர்ந்தால், ஒன்றை அடைக்க நான்கை உடைக்க வேண்டியிருக்கும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் வெட்டு விழுவது உழைப்பவர் மீது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரு காவலாளிகள் பார்த்த வேலையை ஒருவர் இரவும் பகலும் பார்க்கிறார்; மாடிப்படிக்கு அடியில் உறங்குகிறார். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் இயந்திரம் உள்ள லாரியை அழைக்காமல், குறைந்த கூலிக்கு மனிதரை இறக்கும் கொடுமை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தி ஆணையிட்டது. எந்தத் தொகையும் போன உயிருக்கு ஈடாகாது. ஒவ்வொரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலும் தொட்டிக்குள் எவரையும் இறக்குவதில்லை என்ற முடிவு முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காட்டைப் பிற்காலப் பெரும்பழுதுக்கும் மறுகட்டுமானத்துக்குமான மூலநிதிக்கும் 0.75 விழுக்காட்டைப் பழுதுநிதிக்கும் ஒதுக்கச் சொல்கின்றன. 15 முதல் 30 வயதுவரை உள்ள கட்டடத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும், 30 வயதைக் கடந்த கட்டடத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டமைப்பு ஆய்வு செய்யச் சொல்கின்றன. கடற்காற்றின் உப்பையும் பருவமழையின் ஈரத்தையும் மும்பையைப் போலவே சென்னையும் தாங்குகிறது. எங்கள் சங்கத்தின் பழைய துணைவிதியில் இத்தகைய ஒரு வரிகூடக் கிடையாது. எங்களைப் போன்ற பல சிறு சங்கங்களிலும் இதே நிலைதான் என்று எண்ணுகிறேன்.

ஆகவே வீட்டுவசதித் துறையும் பதிவுத் துறையும் இரண்டு காரியங்களை விரைந்து செய்ய வேண்டுகிறேன். ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்துத் தனி வங்கிக் கணக்கில் வைத்த பழுதுநிதியின் இருப்பையும் காட்ட வேண்டும் என்று ஆணையிட வேண்டும். இருபது வயதைக் கடந்த கட்டடங்கள் தகுதிபெற்ற பொறியாளரின் ஆய்வறிக்கையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாநகராட்சியிடம் அளிக்கவும், அந்த அறிக்கையின் நகலை வாடகைதாரர் உட்பட எவரும் கேட்டுப் பெறவும் விதி செய்ய வேண்டும். சிறு கட்டடங்களுக்கு ஆய்வுக் கட்டணமே சுமையாக இருக்கும் என்பதால், மாநகராட்சி பொறியியல் கல்லூரிகளின் துணையோடு குறைந்த கட்டணத்தில் மண்டலவாரியாக இவ்வாய்வை நடத்தித் தரலாம். தங்கள் நாளிதழும் பழைய குடியிருப்புகளில் வசிப்போரின் அனுபவங்களைத் திரட்டித் தொடராக வெளியிட்டு, துறை அதிகாரிகளின் விளக்கத்தையும் கேட்டுப் பெற வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அடுக்குமாடிக் குடியிருப்பாளர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.